நாலணா காலத்து விலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் அம்மா எழுதிய வரவு செலவு நோட்டுகள். 1979இல் தொடங்கி 1998 வரை, நடுவில் ஒரு வருடம் மட்டும் எப்படியோ தொலைந்துபோக, மொத்தம் பத்தொன்பது நோட்டுகள். நாங்கள் இருந்தது திண்டுக்கல். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அந்த நோட்டுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால், கல்யாண வீடுகளில் பார்த்தால், பழைய விலைகளைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலணா, எட்டணா என்பது சரியாக எவ்வளவு?

நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா. பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அல்லது பன்னிரண்டு தம்படி. ஆக ஒரு ரூபாய் என்பது 64 காலணா, 192 தம்படி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா என்ற கணக்கு வந்தது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க அதை நயா பைசா என்றார்கள். 1964இல் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது.

கொஞ்ச காலம் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஓர் அணா என்றால் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. கால் பைசாவை யார் தருவது? ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டார்கள். நாலணாவும் எட்டணாவும் மட்டும் 25, 50 என்று மிச்சமில்லாமல் பொருந்தின. அந்த இரண்டு பெயர்களும் அறுபது வருடத்துக்கு மேலாக நம் வாயில் நிலைத்து நிற்பதற்கும், ஓரணா, இரண்டணா மறைந்துபோனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்து பைசாவுக்கு என்னதான் கிடைத்தது?

நான் பள்ளிக்கூடம் போன 1980களின் தொடக்கத்தில், கமர்கட் ஒன்று, அல்லது தேன் மிட்டாய் ஒன்று, அல்லது ஆரஞ்சு மிட்டாய் இரண்டு. பத்துப் பைசா இருந்தால் ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில் கடிகாரம் கட்டிவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் ஒட்டியும் விடுவார். ஐந்து பைசா சதுரமாக இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். பத்துப் பைசாவுக்குப் பூ இதழ் மாதிரி வளைந்த ஓரம். இருபது பைசா அறுகோணம். எல்லாம் அலுமினியம், தண்ணீரில் மெதுவாக வைத்தால் சில காசுகள் மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டே விரலால் தடவி எந்தக் காசு என்று சொல்லிவிடுவோம்.

25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும், கடைகளில்தான் வாங்குவதில்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே மலிவுதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வியாகக்கூட இல்லை, முடிவாகவே சொல்லிவிடுவார்கள். "எங்க காலத்துல எட்டணாவுக்கு டீயும் வடையும் சாப்பிடுவோம்" என்று மாமா சொல்லும்போது சுற்றியிருக்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த எட்டணா சம்பாதிக்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னால் கணக்கில் ஒரு பாதிதான் வருகிறது.

அம்மாவின் 1984 நோட்டில் ஜூன் மாத வரவு: பிடித்தம் போக 612 ரூபாய். மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், அப்பாவின் ஒரு மணி நேரம் மூன்று ரூபாய். அதே மாதம் சர்க்கரை கிலோ 6 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள், அதாவது அப்பாவின் இரண்டு மணி நேர உழைப்பு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கூலி, 2025-26 கணக்கில், நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. மணிக்கு 42. சர்க்கரை கிலோ 45 ரூபாய் அளவில் கிடைக்கிறது. மண் வெட்டுகிற ஒரு பெண் இன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உழைத்து வாங்கும் சர்க்கரைக்கு, அன்று அரசு ஆசிரியர் இரண்டு மணி நேரம் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

1982 நோட்டில் சைக்கிள் 485 ரூபாய் என்று இருக்கிறது, ஐந்து தவணையாக. அப்பாவுக்கு அன்று கையில் வந்த ஒரு மாதச் சம்பளமே அவ்வளவு இருக்காது. 1986இல் கறுப்பு வெள்ளை டிவி 2,800 ரூபாய், நாலு மாதச் சம்பளம். வாங்கிய அன்று தெருவே எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. இன்று பத்தாயிரம் ரூபாய்க்குள் வண்ணத் தொலைக்காட்சி வந்துவிடுகிறது.

அப்படியானால் மலிவாக இருந்தது எது? மனிதர்களின் உழைப்பு. டீக்கடையில் டீ ஆற்றுகிறவர், பாத்திரம் தேய்க்க வருகிறவர், தையல்காரர், துணி வெளுக்கிறவர், ரிக்‌ஷாக்காரர். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கு மாதம் 15 ரூபாய் என்று 1981 நோட்டில் இருக்கிறது. அவருடைய கணக்கில் சர்க்கரை கிலோ எத்தனை நாள் உழைப்பு என்று போட்டுப் பாருங்கள். எட்டணாவுக்கு டீயும் வடையும் கிடைத்ததற்கு, அந்தக் கடையில் வேலை பார்த்த பையனுக்குக் கிடைத்த கூலியும் ஒரு காரணம்.

1982இன் 100 ரூபாய் இன்று எவ்வளவுக்குச் சமம்?

2025 கணக்கில் சுமார் 1,930 ரூபாய். எப்படி வருகிறது என்று சொல்கிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசின் தொழிலாளர் துறையைச் சேர்ந்த லேபர் பீரோ, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று ஒன்றை மாதாமாதம் வெளியிடுகிறது. அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதற்கு 1982 ஒரு அடிப்படை ஆண்டு, பிறகு 2001, பிறகு 2016. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இணைப்பு எண்கள் இருக்கின்றன: 1982க்கும் 2001க்கும் நடுவே 4.63, 2001க்கும் 2016க்கும் நடுவே 2.88. 2025 நடுவில் குறியீட்டெண் 145ஐ ஒட்டி இருந்தது. மூன்றையும் பெருக்கினால் 19.3 மடங்கு.

சிலர் வருமான வரித்துறையின் பணவீக்கக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பதினாறு மடங்குதான் வருகிறது என்று என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அதில் 1981-82 என்றால் 100, 2001-02இல் 426. பிறகு 2001-02ஐயே 100 என்று மாற்றி வைத்து, 2025-26க்கு 376 என்று அறிவித்தார்கள். பெருக்கினால் பதினாறுதான். ஆனால் அந்தக் குறியீடு விலை ஏற்றத்தில் முக்கால் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வீடு, நிலம் விற்பவர் வரி கணக்கிட அது சரி, குடும்பச் செலவைக் கணக்கிட அது போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 19 மடங்கு என்பது சராசரி. டீ, தோசை, முடி வெட்டுவது போன்ற, ஆள் கை படுகிற எல்லாம் இதைவிட வேகமாக ஏறியிருக்கின்றன. 1982இல் எங்கள் ஊரில் மசால் தோசை ஒன்றரை ரூபாய். 19 மடங்கு என்றால் 29 ரூபாய்தான் வர வேண்டும். இன்று சாதாரண ஓட்டலிலேயே எழுபது ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. எந்திரம் செய்கிற பொருள்கள் அவ்வளவு ஏறவில்லை. அந்த 485 ரூபாய் சைக்கிள் கணக்குப்படி சுமார் 9,400 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். அதைவிடக் குறைவாகவே சாதாரண சைக்கிள் கிடைக்கிறது.

சம்பளமும் அதே அளவு ஏறியிருக்கிறதா?

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அதைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது. மத்திய அரசின் நான்காவது ஊதியக்குழு, 1986இல், கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தை 750 ரூபாய் ஆக்கியது. ஐந்தாவது குழுவில் 2,550. ஆறாவதில் 7,000. 2016இல் ஏழாவது குழுவில் 18,000. முப்பது வருடத்தில் 24 மடங்கு, அதே காலத்தில் விலைவாசி சுமார் பத்து மடங்கு.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. நூறு நாள் வேலை தொடங்கிய 2006இல் இங்கே நாள் கூலி 80 ரூபாய். 2025-26இல் 336. நாலு மடங்குதான். "விலைவாசி பரவாயில்லை, சம்பளமும் ஏறியிருக்கிறதே" என்று யாராவது சொன்னால், அவர் எந்தச் சம்பளத்தைச் சொல்கிறார் என்று நான் கேட்பது இதனால்தான்.

1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்கிறார்களே?

தவறு. ஆகஸ்ட் மாதம் வந்தால் வாட்ஸ்அப்பில் தவறாமல் வருகிறது. அன்று ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்குச் சுமார் 13 ரூபாய் 33 காசு. ஒரு பவுண்டு அன்று நாலு டாலருக்குச் சற்று மேல். அப்படியானால் டாலர் மூன்று ரூபாய் முப்பது காசு. 1949இல் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது நம்முடையதும் கூடவே குறைந்து டாலர் 4.76 ஆனது. 1966 ஜூனில் 7.50 ஆக்கினார்கள். 1991இல் மறுபடி பெரிய சரிவு.

தங்கம் மட்டும் ஏன் இப்படி?

அம்மாவின் 1984 நோட்டில் அத்தை கல்யாணத்துக்காக ஒரு பவுன் வாங்கிய கணக்கு இருக்கிறது. 1,500 ரூபாயை ஒட்டி. அப்பாவின் இரண்டரை மாதச் சம்பளம். 2025 அக்டோபரில் சென்னையில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அறுபது மடங்கு. பொது விலைவாசியோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கு மேல் வேகம்.

ஆனால் இது ஒரே சீராக ஏறவில்லை. 1990இல் பத்து கிராம் தங்கம் 3,200 ரூபாய், 2000இல் 4,400. பத்து வருடத்தில் நாற்பது சதவீதம்கூட ஏறவில்லை, அந்தப் பத்து வருடத்தில் அரிசியும் பருப்பும் இரண்டு மடங்குக்கு மேல் போயின. அந்த நாளில் நகை வாங்கி வைத்தவர்கள் "தங்கம் தூங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். 2010இல் பத்து கிராம் 18,500. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த 90,000 ரூபாய் கணக்கிலேயே, நாளுக்கு 336 ரூபாய் கூலி வாங்கும் ஒருவர், ஒரு வாய் சோறு சாப்பிடாமல் சேர்த்தாலும், ஒரு பவுனுக்கு 268 நாள் உழைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் நகைக்கடைப் பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி என்று பாட்டி சொல்வது உண்மையா?

எந்த வருடம், எந்த ஊர், எந்தப் படி என்று கேளுங்கள். படி ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுக் கணக்கு என்றாலும், ஆழாக்கே எல்லா ஊரிலும் ஒன்றில்லை. எடைக்கும் அப்படித்தான்: பலம், வீசை. நாற்பது பலம் ஒரு வீசை, அது சுமார் ஒன்றேகால் கிலோவுக்கு மேல், ஒன்றரைக் கிலோவுக்குள். மெட்ரிக் அளவு வந்த பிறகும் பாட்டிமார் பலத்திலும் வீசையிலும்தான் கணக்குச் சொன்னார்கள்.

அரிசியின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் விலை என்ற சொல்லின் வரலாறே அரிசியின் வரலாறுதான். 1960களின் நடுவில் அரிசிக்குக் கடுமையான தட்டுப்பாடு. காசு இருந்தாலும் அரிசி கிடைக்காது. வரிசையில் நிற்க வேண்டும், கிடைத்தது புழுங்கலா பச்சையா என்று பார்க்க முடியாது. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கம் அப்போது எழுந்தது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். நிதி இடம் கொடுக்காததால் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை.

அதே சமயத்தில் தஞ்சாவூர் வயல்களில் இன்னொரு வேலை நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27, பிறகு ஐ.ஆர். 8 போன்ற குறுகிய கால, அதிக விளைச்சல் நெல் ரகங்கள் வந்தன. அரிசி தட்டுப்பாடான பொருள் என்ற நிலை அதற்குப் பிறகுதான் மெல்ல மாறியது. ரேஷனில் 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. மூன்று படிக்காக ஏங்கிய ஒரு தலைமுறை உயிரோடு இருக்கும்போதே அரிசி இலவசம் ஆனது. எங்கள் பாட்டி ரேஷன் அரிசிப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காசு கேக்கலயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

விலை குறைந்த பொருள் ஏதாவது உண்டா?

பேச்சு. 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்பேசி அழைப்பைக் கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேசினார். அந்த நாளில் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது, வரும் அழைப்புக்கும் காசு. வரும் அழைப்பு இலவசம் ஆனது 2003இல். 2016க்கு முன் ஒரு ஜிபி இணையத்துக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்தோம், இன்று அதில் ஒரு சிறு பங்குதான்.

அதற்கும் முந்தியது எஸ்.டி.டி. பூத். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். இரவு பதினொரு மணிக்கு மேல் கட்டணம் நாலில் ஒரு பங்குதான் என்பதால் எங்கள் தெருமுனை பூத்தில் அந்த நேரத்துக்குத்தான் கூட்டம். பம்பாயில் இருந்த சித்தப்பாவோடு பேச, தூங்கி வழியும் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா போவார். சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போவார். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியதால் "நல்லாருக்கியா" என்பதற்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 1991 நோட்டில் "போன் 14.60" என்று ஒரு வரி. அன்றுதான் அப்பாவைப் பெற்ற பாட்டி தவறிப்போன செய்தியைச் சித்தப்பாவுக்குச் சொன்னார்.

காத்திருப்பும் ஒரு விலைதான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் கேஸுக்குப் பதிவு செய்தது 1981, வந்தது 1985. நாலு வருடம் அம்மா விறகும் மண்ணெண்ணெயும் ஊதினார். ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

விலை அவ்வளவாக ஏறாமல் இருப்பது எது?

அஞ்சலட்டை. 1879இல் காலணாவுக்கு வந்த அது இன்று 50 பைசா. எட்டணாவுக்கு வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் அதில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கடிதம் போகிறது. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதும் வருடக்கணக்காக நிற்கிறது.

தீப்பெட்டியையும் சொல்ல வேண்டும். 2007இல் எட்டணாவிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. பிறகு பதினான்கு வருடம் அசையவில்லை. மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் ஏறிய பிறகு, 2021 டிசம்பரில்தான் சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். இவ்வளவு காலம் அந்த ஒரு ரூபாயைத் தாங்கியவை அந்த ஊர்ப் பெண்களின் கைகள்.

பாக்கெட்டின் விலை ஏறவில்லை, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

எடையைக் குறைத்துவிடுகிறார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பது கையில் எடுத்துக் கொடுக்க வசதியான காசு. அதை ஆறு, பதினொன்று என்று மாற்றினால் சில்லறைப் பிரச்சினை வரும், வாங்குபவரும் கவனிப்பார். பிஸ்கட்டில் பத்து கிராம் குறைத்தால் யாரும் கவனிப்பதில்லை. உறையில் இப்போது கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எழுத்து மிகச் சின்னதாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் பாருங்கள்.

பேருந்துக் கட்டணம்?

2018 ஜனவரியில் சாதாரண நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது. 2021 மே முதல் அந்தப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவின் நோட்டில் "பஸ் 0.35", "பஸ் 0.35" என்று பக்கம் பக்கமாக இருக்கும். இன்று எழுதினால் அந்தப் பத்தியே காலியாக இருக்கும்.

வைத்தியச் செலவு அன்று குறைவுதானே?

ஆம், இதில் நான் பழைய காலத்தின் பக்கம். எங்கள் தெரு டாக்டர் மூன்று ரூபாய் வாங்குவார், இல்லை என்றால் அதையும் வாங்க மாட்டார். மாத்திரையும் அவரே காகிதத்தில் மடித்துத் தருவார். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் என்ற மருத்துவர் 'அஞ்சு ரூபாய் டாக்டர்' என்றே பேர் வாங்கி, 2018இல் இறக்கும்வரை அப்படியே வைத்தியம் பார்த்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் வடசென்னையே திரண்டது.

ஆனால் மூன்று ரூபாய் டாக்டரால் முடியாத நோய் வந்தால், அன்று பலருக்கு வழியே இல்லை. இன்று வழி இருக்கிறது, அதற்கு நிலத்தை விற்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் இதுவே நிலைமை. என்னுடைய ஐந்தாம் வகுப்பு முழு வருடச் செலவு நோட்டில் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. என் அண்ணன் மகன் முதல் வகுப்பில் சேர்ந்தபோது கட்டியதை அம்மாவிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

கடைகளில் என்ன மாறியிருக்கிறது?

கொசுறு போய்விட்டது. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை, கொத்தமல்லி கேட்காமலே விழும். பூக்காரம்மா முழம் அளந்துவிட்டு விரல் அளவு நீட்டிவிடுவார். மளிகைக் கடை அண்ணாச்சி சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தை கையில் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைத்துவிடுவார். இதெல்லாம் ரசீதில் வராத பொருள்கள், அதனால் எந்தக் குறியீட்டெண்ணிலும் இல்லை.

கணக்கு நோட்டும் போய்விட்டது. மாதம் முழுக்கச் சாமான் வாங்கி, சம்பளம் வந்ததும் கொடுப்பது வழக்கம். அப்பாவுக்குச் சம்பளம் இரண்டு மாதம் நின்றுபோன சமயத்தில் அண்ணாச்சி எதுவும் கேட்காமல் பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தார். செய்தித்தாள் கூம்பு, அதன்மேல் சணல் நூல் இரண்டு சுற்று. மேலே தொங்கும் நூல்கண்டை இழுத்து அறுப்பதில் அவர் கைக்கு இருந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதங்களுக்கு வட்டி என்று அவர் எதுவும் போடவில்லை. நோட்டில் அம்மா அந்தப் பக்கத்தில் மட்டும் தொகைக்குப் பக்கத்தில் "அண்ணாச்சி" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறார்.

வீட்டில் பெரியவர்களிடம் பழைய விலைகளை எப்படிக் கேட்பது?

'அப்போ அரிசி என்ன விலை' என்று தொடங்காதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம் அந்தச் சம்பளத்தில் முதலில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள், அங்கிருந்து விலைகள் தானாக வரும். வருடம் நினைவில்லை என்றால் கல்யாணத்துக்கு முன்னா பின்னா, எந்தக் குழந்தை பிறந்த வருடம் என்று கேளுங்கள். அளவையும் கேளுங்கள்: படியா கிலோவா.

முக்கியமாக, பணப்பை யார் கையில் இருந்ததோ அவரிடம் கேளுங்கள். எல்லாம் மலிவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள். ஐந்து பைசா அவர்கள் கைக்கு வந்தது, கையை விட்டுப் போகவில்லை. என் அம்மாவிடம் அந்தக் காலம் மலிவா என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு "இருபதாம் தேதிக்கு மேல சொல்லட்டுமா, முன்ன சொல்லட்டுமா?" என்பார்.

அந்த நோட்டுகளில் உங்களால் மறக்க முடியாத வரி எது?

1984 மார்ச் மாதப் பட்டியலின் கடைசியில்: "செருப்பு (எனக்கு) 16.50 – அடுத்த மாதம்." ஏப்ரலிலும் அதே வரி. மேயிலும் அதே வரி. ஜூனில் அந்த இடத்தில் "பாப்பாவுக்கு யூனிஃபார்ம் 38.00" என்று இருக்கிறது, அது நான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் செருப்பைப் பற்றி எதுவுமே இல்லை. அக்டோபரில், தீபாவளிச் செலவுகளுக்கு நடுவில், பென்சிலால் எழுதி மேலே பேனாவால் போட்டிருக்கிறார்: "செருப்பு 19.75."